ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே ஒரு கஞ்சாக் கடை: அனுமதி யாரிடம், அளவு எங்கிருந்து?

ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியில், அதன் வடக்கு ஓரத்தில், ஸ்டீல்ஸ் வீதியை அண்டிய ஒரு பிளாசாவில் கணவரோடு பலசரக்குக் கடை நடத்தும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் வந்தபிறகு இவர்களுடைய வியாபாரம் படுத்துவிட்டது. பக்கத்து அலகில் இருந்த காப்புறுதி முகவர் அலுவலகம் காலி செய்துகொண்டு போய்விட்டது. அந்த இடத்தை எடுத்து, நடுச்சுவரில் ஒரு கதவும் வைத்து, கஞ்சாக் கடை திறக்கலாம் என்பது திட்டம். கணவர் தன் சொந்தப் பெயரில் வாடகை முன்மொழிவில் கையெழுத்திட்டு 15,000 டொலர் முற்பணமும் கொடுத்துவிட்டார். விலகிக்கொள்ள இடமிருக்கும் நிபந்தனைக் காலம் முடிய இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. இதற்கிடையில் ஆளுக்கொரு கதை வருகிறது. நகரசபை உறுப்பினருக்கு வேண்டிய ஒருவர் “வலய மாற்றம் எடுத்துத் தாறன், கொஞ்சம் செலவாகும்” என்கிறார். (வலயம் என்பது எந்தக் காணியில் என்ன செய்யலாம் என்று நகரசபை வகுக்கும் விதி.) கலிபோர்னியாவில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி, குழந்தைகள் பராமரிப்பு நிலையத்திலிருந்து 600 அடி விடவேண்டும் என்கிறார். பிளாசாவின் மேல்மாடியில் ஒரு ரியூசன் நிலையம் இருக்கிறது. பின்பக்கத்து உயர்தரப் பாடசாலையின் வாசலிலிருந்து கடை வாசல்வரை கைத்தொலைபேசி வரைபடம் 190 மீற்றர் காட்டுகிறது. கோயில் ஆட்கள் கடைக்கு எதிராகக் கையெழுத்து வேட்டையைத் தொடங்கிவிட்டார்கள். மைத்துனரோ, வீதிக்கு அந்தப் பக்கம் மார்க்கம் நகரில் வாடகை குறைவு, அங்கே போவோம் என்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் மைத்துனரின் யோசனையை முடித்துவிடுவோம், அதற்கு நேரம் தேவையில்லை. ஸ்டீல்ஸ் வீதிதான் ரொறன்ரோவுக்கும் மார்க்கத்துக்கும் எல்லை. 2018இல் கஞ்சா விற்பனை சட்டபூர்வமானபோது, தங்கள் எல்லைக்குள் கடை வேண்டாம் என்று தீர்மானிக்க ஒன்ராறியோவின் நகரசபைகளுக்கு 2019 ஜனவரி 22 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. மார்க்கம் வேண்டாம் என்றது. ரொறன்ரோ 2018 டிசம்பரிலேயே சம்மதித்துவிட்டது. மறுத்த நகரசபை பிறகு மனம் மாறலாம். மிசிசாகா 2023 ஏப்ரலில் அப்படித்தான் கதவைத் திறந்தது. ஆனால் ஒருமுறை சம்மதித்த நகரசபை பின்வாங்க முடியாது. ஆகவே மார்க்கத்தின் கதவு மூடியிருக்கும்வரை அங்கே எவ்வளவு மலிவான அலகும் உங்களுக்கு உதவாது. ரொறன்ரோவின் கதவு திடீரென்று மூடிவிடுமோ என்று நீங்கள் பயப்படவும் தேவையில்லை.

கஞ்சாக் கடைக்கென்று வலய மாற்றம் இங்கே இல்லை

உங்களைச் சுற்றி நடக்கும் குழப்பத்துக்குக் காரணம், வேறு ஊர்களின் சட்டம் உங்கள் காதுக்கு வந்து சேர்ந்திருப்பதுதான். கலிபோர்னியாவில் உள்ளூர் நகரசபைதான் எஜமான். கஞ்சாக் கடைக்கென்று தனி வலயம் ஒதுக்கலாம், உள்ளூர் உரிமம் கேட்கலாம், முற்றாகத் தடை செய்யவும் செய்யலாம். மாநிலச் சட்டத்தில் உள்ள 600 அடி விதி பாடசாலையோடு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தையும் இளைஞர் நிலையத்தையும் சேர்த்துக்கொள்கிறது. உங்கள் தம்பி சொன்னது அந்த ஊருக்குச் சரி.

ஒன்ராறியோவில் கதை தலைகீழ். 2018ஆம் ஆண்டின் கஞ்சா உரிமச் சட்டம், நகரசபைகள் கஞ்சாக் கடைக்கென்று தனி வியாபார உரிமம் கொண்டுவருவதைத் தடுக்கிறது. வலய விதியிலும் கஞ்சாக் கடையை மற்றச் சில்லறைக் கடைகளிலிருந்து பிரித்து நடத்தக் கூடாது. சப்பாத்துக் கடை வைக்கக்கூடிய இடத்தில் கஞ்சாக் கடையும் வைக்கலாம். சப்பாத்துக் கடைக்கு இடமில்லாத இடத்தில் இதற்கும் இடமில்லை. நோர்போக், பெல்ஹம் போன்ற ஊர்களில் கஞ்சாவுக்கு வலய விதி இருப்பதாகச் செய்தி படித்திருப்பீர்கள். அவை பயிர்ச்செய்கைக்கும் உற்பத்திக்கும் உரியவை, கடைக்கு அல்ல.

அனுமதி கொடுப்பது ஏஜிசிஓ என்று எல்லோரும் சொல்லும் மாகாண மதுபான, சூதாட்ட ஆணைக்குழு. ஆகவே கஞ்சாக் கடைக்கென்று வலய மாற்றம் எடுத்துத் தருவதாகச் சொல்பவர், இல்லாத ஒரு பொருளை உங்களுக்கு விற்கப் பார்க்கிறார். “செலவு” என்று அவர் கேட்பது இலஞ்சமாக இருந்தால் அது குற்றம். உரிமத்துக்கு விண்ணப்பிப்பவரின் நேர்மையையும் ஆணைக்குழு ஆராயும் என்பதை மறந்துவிடாதீர்கள். அவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

அதற்காக நகரின் வலய விதியைத் திரும்பியும் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் பிளாசா நிற்கும் காணியில் சில்லறைக் கடைக்கு அனுமதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ரொறன்ரோவின் 569-2013 இலக்க வலய விதியில் சீஆர் என்று தொடங்கும் வணிக-குடியிருப்பு வலயமாக இருந்தால் பொதுவாகச் சிக்கலில்லை. ஈ என்ற தொழிற்பேட்டை வலயமாக இருந்தால் தனிச் சில்லறைக் கடைக்குப் பெரும்பாலும் இடமில்லை. ஸ்காபரோவில் சில காணிகள் அந்தப் புதிய விதிக்குள் வராமல் பழைய ஸ்காபரோ விதிகளின் கீழேயே இன்னும் இருக்கின்றன. “எங்கள் பலசரக்குக் கடையே சில்லறைக் கடைதானே” என்று கேட்பீர்கள். அது நல்ல அறிகுறிதான், ஆனால் ஆதாரம் ஆகாது. விதி வருவதற்கு முன்பிருந்தே நடந்துவரும் பாவனை என்பதால் உங்கள் கடை தப்பியிருக்கலாம். பக்கத்து அலகுக்கு அந்தச் சலுகை தானாக வராது. நகரின் கட்டடப் பிரிவிடம் அந்த அலகு இலக்கத்துக்கே எழுத்தில் வலய உறுதி கேளுங்கள். வாடகை முகவர் வாயால் சொல்வது போதாது.

முன்பு அங்கே இருந்தது அலுவலகம். அலுவலகமும் கடையும் கட்டட விதிக்கோவையில் வேறுவேறு வகைகள். அலுவலகம் டி பிரிவு, கடை ஈ பிரிவு. எனவே பாவனை மாற்றத்துக்குக் கட்டட அனுமதி தேவைப்படலாம். சுவரில் கைவைத்தால் நிச்சயம் தேவை.

190 மீற்றர் எங்கிருந்து எங்கே?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இந்த இலக்கம்தான். பாடசாலையிலிருந்து 150 மீற்றருக்குள் கடை இருக்கக் கூடாது என்பது மாகாண விதி. இதற்கு விலக்குக் கேட்டு யாரிடமும் போக முடியாது. தூரம் குறைந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். நீங்கள் வாசலிலிருந்து வாசலுக்கு, அதுவும் நடைபாதை வழியாக அளந்திருக்கிறீர்கள். பாடசாலைக்கென்றே உள்ள கட்டடமாக இருந்தால் அளவு தொடங்குவது பாடசாலைக் காணியின் எல்லைக் கோட்டிலிருந்து. விளையாட்டு மைதானம், வாகனத் தரிப்பிடம், பின்பக்கப் புல்வெளி எல்லாம் அந்தக் காணிக்குள் அடங்கும். உயர்தரப் பாடசாலை மைதானம் ஒன்றின் நீளம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். மைதானம் உங்கள் பிளாசாப் பக்கமாக நீண்டிருந்தால், வாசலுக்கு 190 என்பது எல்லைக்கு 150க்குள் வந்துவிட நல்ல வாய்ப்பிருக்கிறது.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, இது உங்களுக்குச் சாதகமாகவும் அமையலாம். ரொறன்ரோவில் பல பாடசாலை மைதானங்கள் நகரின் பூங்காவோடு ஒட்டிக் கிடக்கின்றன. பார்த்தால் ஒரே புல்வெளி. ஆனால் ஒரு பகுதி கல்விச் சபையின் காணி, மறுபகுதி நகரின் காணி. பூங்காவுக்கு 150 மீற்றர் விதி கிடையாது. வேலியை நம்பி அளக்காதீர்கள், காணிப் பதிவேட்டின் எல்லைக் கோட்டை எடுத்து அளக்கவேண்டும். வரைபடத்தில் 180, 200 என்று தாராளமாக வந்தால் கவலையில்லை. 140க்கும் 165க்கும் இடையில் வந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரின் கையெழுத்திட்ட வரைபடம் இல்லாமல் ஓரடியும் முன்னே வைக்காதீர்கள். அந்தச் செலவு உங்கள் முற்பணத்தோடு ஒப்பிட்டால் சிறியது.

கோயில், நூலகம், குழந்தைகள் பராமரிப்பு நிலையம் ஆகியவற்றுக்கு ஒன்ராறியோவில் கட்டாயத் தூரம் எதுவும் இல்லை. மேல்மாடி ரியூசன் நிலையத்தைத்தான் நன்றாகத் துருவிப் பார்க்கவேண்டும். கல்விச் சட்டத்தின்படி தனியார் பாடசாலை என்பது, பாடசாலை நாளொன்றில் காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில், கட்டாயக் கல்வி வயதை அடைந்த ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களுக்கு ஆரம்ப அல்லது இடைநிலைப் பாடங்களைக் கற்பிக்கும் இடம். பாடசாலை விட்டபிறகு மாலையில் கணிதமும், சனிக்கிழமைகளில் தமிழும் படிப்பிக்கும் நிலையம் இதற்குள் வராது. அதே நிலையம் பகலில் 12ஆம் வகுப்பு வேதியியல் போன்ற, உயர்தரப் பாடசாலைச் சான்றிதழுக்குக் கணக்கில் சேரும் ‘கிரெடிட்’ பாடங்களை நடத்தினால் வந்துவிடும். நம் ஆட்கள் நடத்தும் பல நிலையங்கள் மாலையில் ரியூசனாகவும் பகலில் கிரெடிட் பாடசாலையாகவும் இரண்டு வேடம் போடுகின்றன. பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவுகட்டாமல் கல்வி அமைச்சின் தனியார் பாடசாலைப் பட்டியலில் முகவரியைத் தேடுங்கள். இணையவழியில் மட்டும் வகுப்பு நடத்தும் தனியார் பாடசாலைக்கு 150 மீற்றர் விதி இல்லை.

பிளாசாவுக்குள் ஒரு பகுதியில் மட்டும் இயங்கும் பாடசாலை என்றால் அளவு காணி எல்லையிலிருந்து அல்ல, அது வைத்திருக்கும் அறைகளின் எல்லையிலிருந்து தொடங்கும். ஆனால் உங்கள் தலைக்கு மேலே இருப்பதற்கு இந்த வேறுபாட்டால் பயனில்லை. அது தனியார் பாடசாலையாக இருந்தால் இந்த அலகு உங்களுக்கு உதவாது. அளவையாளரைப் பிடிக்குமுன் இதைப் பாருங்கள், செலவு மிஞ்சும்.

நடுச்சுவர்க் கதவு

கதவை மறந்துவிடுங்கள். கஞ்சாக் கடை மற்ற வியாபாரங்களிலிருந்து சுவர்களால் முற்றாகப் பிரிக்கப்பட்டிருக்கவேண்டும். அதற்குள்ளால் இன்னொரு கடைக்குப் போகவோ, இன்னொரு கடைக்குள்ளால் அதற்கு வரவோ முடியக் கூடாது. மூடிய பேரங்காடி ஒன்றின் பொது நடைகூடம் மட்டுமே விதிவிலக்கு. கதவைவிடப் பலர் கோட்டைவிடுவது பின்பக்கத்தில். சரக்கு இறக்கும் இடமும் களஞ்சிய அறையும் மற்ற வியாபாரத்தோடு பகிரப்படக் கூடாது. அரிசி மூட்டை இறங்கும் அதே பின்வாசலுக்குள் கஞ்சாப் பெட்டியும் வரும் என்று வைத்திருந்தால் உள்ளமைப்பை மாற்றவேண்டும். அந்த அலகுக்குத் தனிப் பின்வாசல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கஞ்சாக் கடைக்குள் 19 வயதுக்குக் குறைந்தவர் கால் வைக்க முடியாது, உங்கள் பிள்ளைகள் உட்பட. கல்லாவில் இருந்தபடி இரண்டு கடையையும் ஒருவரே பார்ப்பது என்ற கணக்கும் சரிவராது. காலை 9 மணியிலிருந்து இரவு 11 மணிவரை திறக்கலாம். சரக்கை மாகாணத்தின் மொத்த விற்பனை நிறுவனமான ஒன்ராறியோ கனபிஸ் ஸ்ரோரிடமிருந்து மட்டுமே வாங்கலாம். பிஸ்கட் விற்ற இலாபத்தை வைத்து இந்தக் கடையின் இலாபத்தைக் கணிக்காதீர்கள். ஒரு வட்டாரத்தில் இத்தனை கடைதான் என்ற எல்லை ஒன்ராறியோவில் கிடையாது. மாகாணத்தில் 1,500க்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. நீங்கள் திறந்த அடுத்த மாதம் எதிர்ப் பிளாசாவிலும் ஒன்று வரலாம், அதைத் தடுக்க உங்களுக்கும் வழியில்லை. எனக்குச் சட்டச் சிக்கலைவிட இதுதான் பெரிய யோசனை, ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

கோயில் ஆட்களின் கையெழுத்துக்கு வருவோம். கடை அனுமதிக்கு விண்ணப்பித்ததும் ஆணைக்குழுவின் அறிவித்தல் கடை வாசலில் ஒட்டப்படும், இணையத்தளத்திலும் போடப்படும். 15 நாட்களுக்குள் ஆட்சேபம் எழுதலாம். எழுதக்கூடியவர்கள் அந்த நகரசபையும், அந்த நகரில் குடியிருப்பவர்களும். கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் ஸ்டீல்ஸுக்கு வடக்கே, மார்க்கத்தில் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் ரொறன்ரோவாசிகள் அல்லர். அதைவிட முக்கியம், ஆட்சேபம் மூன்று விடயங்களில் ஒன்றைத் தொடவேண்டும்: பொதுச் சுகாதாரமும் பாதுகாப்பும், இளையோரைக் கஞ்சாவிலிருந்து காப்பது, சட்டவிரோதக் கஞ்சா நடவடிக்கையைத் தடுப்பது. “நமது பண்பாட்டுக்கு ஒவ்வாது”, “ஏற்கனவே மூன்று கடை இருக்கிறது” என்பவை இந்த மூன்றுக்குள் அடங்கா. ஆனால் “மாலை ஐந்து மணிக்கு இந்தப் படியால் நூறு பிள்ளைகள் ரியூசனுக்கு ஏறுகிறார்கள்” என்று ஒருவர் எழுதினால் அது இரண்டாவது விடயத்துக்குள் நேராக வரும். அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும்: வாசலில் அடையாள அட்டை பார்க்கும் முறை, கமரா, படிக்கட்டிலிருந்து கடைக்குள் தெரியாத அமைப்பு. கோயில் நிர்வாகத்தை நேரே சந்தித்துப் பேசுவதும் நல்லது. சட்டத்தில் தோற்றாலும் உங்கள் பலசரக்குக் கடையை அவர்கள் புறக்கணிக்க முடியும்.

15,000 டொலர்

உங்கள் உண்மையான ஆபத்து இந்த முன்மொழிவுக்குள் இருக்கிறது. உங்களுக்கு முக்கியமாக இரண்டு பத்திரங்கள் தேவை. ஒன்று கடை நடத்துபவருக்கான நடத்துநர் உரிமம். இரண்டு வருடத்துக்கு 6,000 டொலர். மற்றது அந்த இடத்துக்கான கடை அனுமதி. இரண்டு வருடத்துக்கு 4,000 டொலர். கட்டணத்தைக் கட்டும் நாளில் ஆணைக்குழுவின் அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நிராகரித்தாலும் பணம் திரும்பாது. கடை அனுமதி அந்த முகவரிக்கும் அந்த ஆளுக்கும் மட்டும் உரியது, இன்னொருவருக்கு மாற்ற முடியாது. இடத்தைப் பாவிக்கும் உரிமை விண்ணப்பதாரரிடம் இருக்கவேண்டும். நீங்கள் கம்பனி தொடங்கி அதன் பெயரில் உரிமம் எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், வாடகையோ கணவரின் பெயரில் இருக்கிறது. இதைக் கம்பனியின் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையை முன்மொழிவிலேயே எழுதவேண்டும். வரிப் பாக்கி இருந்தாலும் உரிமம் தடைப்படும்; பலசரக்குக் கடையின் எச்எஸ்ரி விற்பனை வரிக் கணக்கு நிலுவையின்றி இருக்கட்டும்.

வாடகைப் பத்திரத்தில் நான் வற்புறுத்தும் வாசகங்கள் இவை:

- கடை அனுமதி குறித்த நாளுக்குள் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் செல்லாது, முற்பணம் முழுவதும் திரும்பவேண்டும். அலகின் சொந்தக்காரர் இதற்கு இறங்காவிட்டால், இரண்டு மூன்று மாத வாடகையைக் கொடுத்து விலகும் உரிமையையாவது கேளுங்கள்.
- கஞ்சாக் கடை நடத்த எழுத்துமூலச் சம்மதம். ‘சில்லறை வியாபாரம்’ என்ற பொதுச் சொல் போதாது. சொந்தக்காரரின் அடமான வங்கி, பிளாசாவின் காப்புறுதி, வேறு வாடகைக்காரருக்குக் கொடுத்த தனியுரிமை எதுவும் இதைத் தடுக்கவில்லை என்ற உறுதிமொழியும் வேண்டும்.
- அனுமதி கிடைக்கும்வரை பிளாசாவில் வேறெந்த அலகையும் தனியார் பாடசாலைக்குக் கொடுப்பதில்லை என்ற வாக்கு.
- கணவரின் தனிப்பட்ட பிணைக்கு ஓர் உச்ச வரம்பு.

இன்னொன்று, உங்கள் பகுதியில் பல பிளாசாக்கள் வணிகக் கொண்டோமினியங்கள், அதாவது அலகுகளுக்குத் தனித்தனிச் சொந்தக்காரர்கள், பொது நிர்வாகம் ஒன்று. அலகின் சொந்தக்காரர் சம்மதித்தாலும் கொண்டோ நிர்வாகத்தின் விதிகள் அடங்கிய பிரகடனப் பத்திரம் கஞ்சாவைத் தடுத்திருக்கலாம். நகரசபை செய்ய முடியாததைக் கொண்டோ நிர்வாகம் செய்யலாம். அது தனியார் ஒப்பந்தம். அந்தப் பத்திரத்தை எடுத்துப் படிக்காமல் நிபந்தனையை நீக்காதீர்கள்.

நியூ ஜேர்சியில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போவது தடைப்படுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கனடாவில் சட்டபூர்வமான கஞ்சாத் தொழில் செய்யும் கனேடியக் குடிமகன், அந்தத் தொழிலோடு தொடர்பில்லாத காரணத்துக்காக வந்தால் பொதுவாக அனுமதிக்கப்படுவார் என்று அமெரிக்க எல்லைத் துறை 2018 ஒக்ரோபரில் அறிவித்தது. அந்த அறிவிப்பு பேசுவது குடிமக்களைப் பற்றி. உங்கள் கணவர் இன்னும் நிரந்தர வதிவிடத்தில்தான் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பங்காளராகக் கையெழுத்திடுமுன் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் தனியாகக் கேட்கட்டும்.

மூன்று கிழமையில் ஏஜிசிஓ அனுமதி வராது. ஆகவே இந்த அவகாசத்தில் செய்யக்கூடியது, இடம் தேறுமா என்று பார்ப்பதும் நிபந்தனைக் காலத்தை நீட்டிப்பதும்தான். தனியார் பாடசாலைப் பட்டியலையும் பின்வாசலையும் இன்றைக்கே பார்க்கலாம். காணி எல்லையும் கொண்டோப் பத்திரமும் முதல் கிழமைக்குள் கையில் இருக்கவேண்டும். வலய உறுதிக்கு உடனே விண்ணப்பித்துவிட்டு, அது வரும்வரை நீட்டிப்பு வேண்டுமென்று சட்டத்தரணி மூலம் எழுத்தில் கேளுங்கள். அதற்கு முதல், கணவர் கையெழுத்திட்ட தாளை எடுத்து நிபந்தனைப் பந்தியின் கடைசி வரியைப் படியுங்கள். குறித்த நாளுக்குள் நீங்கள் எதுவும் அறிவிக்காவிட்டால் முன்மொழிவு செல்லாது, முற்பணம் திரும்பும் என்று இருந்தால், பேசாமல் இருந்தாலே பணம் தப்பும். அறிவிக்காவிட்டால் நிபந்தனை நீங்கியதாகக் கருதப்படும் என்று இருந்தால், நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அலகின் சொந்தக்காரருக்குத்தான் சாதகம். சில முன்மொழிவுகள் இந்த இரண்டாவது விதமாக எழுதப்பட்டிருக்கும்.